ஷெவெல் காரின் மன்சி கியர்பாக்ஸையும் கிளட்சையும் 500 குதிரைத்திறனுக்கு வலுப்படுத்துதல்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள மன்சி நகரில் 1963 முதல் 1974 வரை ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த நான்கு வேக கியர்பாக்ஸ், இன்றும் அந்த ஊரின் பெயராலேயே வழங்கிவருகிறது. ஷெவ்ரலே ஷெவெல், கமாரோ, கார்வெட், பான்டியாக் ஜி.டி.ஓ. ஆகிய கார்களில் இடம்பெற்ற இந்தப் பெட்டி, அலுமினிய உறையால் எடை குறைந்தது. பிரித்துப் பூட்டவும் எளியது. 1970 ஆம் ஆண்டின் ஷெவெல் எஸ்.எஸ். காரில் வந்த எல்.எஸ்.6 என்னும் 454 கன அங்குல இன்ஜின், 450 குதிரைத்திறனும் 500 பவுண்டு-அடி (ஏறக்குறைய 678 நியூட்டன் மீட்டர்) முறுக்குவிசையும் கொண்டதாக விற்கப்பட்டபோது, அதற்குப் பின்னால் நின்றதும் இதே குடும்பத்தின் எம்-22 என்ற பெட்டிதான். ஆகவே பழைய ஷெவெலில் 500 குதிரைத்திறன் இன்ஜினை ஏற்ற விரும்பும் ஒருவர் மன்சியைக் கழற்றி ஒதுக்க வேண்டியதில்லை. அதே வேளையில், ஐம்பது ஆண்டுகள் உழைத்த பெட்டியைத் திறந்து பாராமல் நம்பவும் கூடாது.

கியர்பாக்ஸ் உடைவதற்கு இன்ஜினின் திறனைவிட, அச்சுகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமையும் கிளட்ச் திடீரெனப் பற்றும்போது விழும் அதிர்ச்சியுமே பெரும்பாலும் காரணமாகின்றன என்பதை இந்த அத்தியாயம் அடிப்படையாகக் கொள்கிறது. விலையுயர்ந்த பாகங்களை வாங்குவதற்கு முன் நேர்க்கோட்டு விலகலை அளக்கும் ஒரு டயல் கேஜை வாங்குமாறு வாசகர் வற்புறுத்தப்படுவது இதனால்தான்.

பளு எங்கே விழுகிறது

முறுக்குவிசை என்பது அச்சைத் திருப்பும் விசையின் அளவு. குதிரைத்திறன் என்பது அந்த விசை எவ்வளவு வேகத்தில் வேலை செய்கிறது என்பதன் அளவு. பற்களையும் அச்சுகளையும் முறிப்பது முறுக்குவிசைதான் என்பதால், பாகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டிய எண்ணும் அதுவே. இன்ஜினின் 500 பவுண்டு-அடி முறுக்குவிசை, 2.52 விகிதமுள்ள முதல் கியரைக் கடந்து வெளியேறும்போது 1,260 பவுண்டு-அடியாகவும், 2.20 விகிதத்தில் 1,100 பவுண்டு-அடியாகவும் பெருகுகிறது. கிளட்ச் தாங்க வேண்டியது இன்ஜினின் 500 மட்டுமே. கியர்பாக்ஸின் வெளியேறும் அச்சும் அதற்குப் பின்னாலுள்ளவையும் பெருகிய அளவைத் தாங்க வேண்டும்.

இந்தப் பெருக்கம் உண்மையிலேயே பற்களின்மீது விழுவதற்கு, டயர் தரையைப் பற்றியிருக்க வேண்டும். சாதாரண சாலை டயர், பளு எல்லை மீறும்போது வழுக்கிச் சுழன்று கியர்பாக்ஸைக் காப்பாற்றிவிடுகிறது. பந்தயத்துக்குரிய மென்ரப்பர் டயரைப் பொருத்திய அன்றே அந்தக் காப்பு போய்விடுகிறது. இன்ஜினை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றியவர்களின் கியர்பாக்ஸ் உடைவதற்கு இதுவே காரணம். எனவே கார் எந்த டயரில் ஓடப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றவற்றை அதற்கேற்பத் தெரிவு செய்ய வேண்டும்.

கையிலுள்ள பெட்டி எது

மன்சி மூன்று வகைப்படும். எம்-20 அகல விகிதப் பெட்டி. அதன் முதல் கியர் 1965 வரை 2.56 ஆகவும் 1966 முதல் 2.52 ஆகவும் இருந்தது. எம்-21 நெருங்கிய விகிதப் பெட்டி. முதல் கியர் 2.20. எம்-22 க்கும் அதே 2.20 விகிதம்தான் என்றாலும், அதன் பற்களின் சாய்வு மற்ற இரண்டைவிடக் குறைவு. சாய்ந்த பற்கள் சுழலும்போது கியர்களை அச்சின் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று எதிராகத் தள்ளுகின்றன. சாய்வு குறையும்போது அந்தத் தள்ளலும் உறையின் சுவர்மீது விழும் பளுவும் குறைகின்றன. இரைச்சல் மட்டும் கூடுகிறது. பாறை உடைக்கும் இயந்திரத்தைப் போல இரைவதால் ‘ராக் கிரஷர்’ என்ற பட்டப்பெயர் எம்-22 க்கு வந்தது.

அடையாளம் காண, கியர்பாக்ஸை மேசைமீது வைத்து முதல் கியரில் போட்டு, வெளியேறும் அச்சு 10 சுற்று சுற்றும்வரை உள்நுழையும் அச்சைக் கையால் திருப்பி எண்ண வேண்டும். ஏறக்குறைய 25 சுற்று வந்தால் எம்-20. 22 சுற்று வந்தால் எம்-21 அல்லது எம்-22. பின்னிரண்டில் எது என்பதைப் பக்கவாட்டு மூடியைத் திறந்து பற்களின் சாய்வைப் பார்த்தே அறிய முடியும்.

அடுத்து, முன்முகத்தில் பேரிங் மூடிக்குக் கீழே தெரியும் கவுண்டர் ஷாஃப்ட் பின்னின் முனையை வெர்னியரால் அளக்க வேண்டும். கவுண்டர் ஷாஃப்ட் என்பது உள்நுழையும் அச்சிலிருந்து விசையை வாங்கி மற்றக் கியர்களுக்குக் கொடுக்கும் கீழ் அச்சு. அதைச் சுமக்கும் பின் 1965 வரை 7/8 அங்குல விட்டமும், 1966 முதல் 1 அங்குல விட்டமும் கொண்டது. 7/8 அங்குலப் பின்னுள்ள பெட்டியை 500 குதிரைத்திறனுக்குப் பயன்படுத்தாமல், பழைமையைப் போற்றும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு 1 அங்குலப் பின்னுள்ளதைத் தேடுவதே அறிவுடைமை.

இறுதியாக, உள்நுழையும் அச்சின் ஸ்பிளைன்களை, அதாவது கிளட்ச் பிளேட் சறுக்கி அமரும் நீளவாட்டுப் பற்களை, எண்ண வேண்டும். பழைய பெட்டிகளில் 10 பற்களும் 1970களின் தொடக்கத்தில் வந்தவற்றில் 26 நுண்பற்களும் இருக்கும். 26 பல்லுள்ள அச்சு வலுவானது. ஆனால் கிளட்ச் பிளேட்டும் 26 பல்லுடையதாக வாங்கப்பட வேண்டும்.

குறிப்பு: எம்-20 உடன் 3.55 பின் அச்சு விகிதம் தரும் மொத்தப் பெருக்கம் 8.95, எம்-22 உடன் 4.10 விகிதம் தருவது 9.02. புறப்படும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டாவதில் கியர்பாக்ஸின்மீதும் டிரைவ் ஷாஃப்டின்மீதும் விழும் பளு குறைகிறது. ஆனால் நெடுஞ்சாலையில் இன்ஜின் கூடுதல் சுற்றில் ஓட வேண்டியிருக்கும். நெடுந்தூரப் பயணம் முக்கியமென்றால், 600 பவுண்டு-அடி வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் மதிப்பிட்டுள்ள ட்ரெமெக் டி.கே.எக்ஸ். போன்ற ஐந்து வேகப் பெட்டியே பொருத்தம். அதைப் பொருத்தினாலும் இவ்வத்தியாயத்தின் கிளட்ச் பகுதியும் நேர்க்கோட்டுப் பகுதியும் அப்படியே பொருந்தும்.

தொடங்குவதற்கு முன் பாதுகாப்பு

1. காரின் நான்கு மூலைகளையும் சமதளமான கான்கிரீட் தரையில் ஜாக் ஸ்டாண்டுகளின்மீது நிறுத்த வேண்டும். ஹைட்ராலிக் ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுப்பது உயிருக்கே ஆபத்து. கியர்பாக்ஸ் 30 கிலோவுக்கும் கூடுதலான எடையுள்ளது. மார்பின்மீது தாங்கி இறக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, அதற்குரிய ஜாக்கையும் உதவிக்கு ஒருவரையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. பேட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்ற வேண்டும். ஃபிளைவீலில் கை இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுழன்றால் விரல் மிஞ்சாது.

3. பழைய கிளட்ச் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பெல் ஹவுசிங்கினுள் படிந்த தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. தகுந்த முகக்கவசம் அணிந்து, திரவம் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும்.

4. பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீலைக் கூடுதல் சுற்றுகளில் ஓட்டக் கூடாது. அது வெடித்துச் சிதறினால் துண்டுகள் தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கால்களை நோக்கி வரும். பந்தய வாகனப் பாகங்களுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்கும் எஸ்.எஃப்.ஐ. அமைப்பின் 1.1 தரச்சான்று பெற்ற எஃகு ஃபிளைவீலும் கிளட்சும், 6.1 தரச்சான்று பெற்ற எஃகு பெல் ஹவுசிங்கும் அவசியம். பெல் ஹவுசிங் என்பது கிளட்சை மூடி இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவ உறை. எஃகால் ஆனது சிதறும் துண்டுகளைத் தடுத்து நிறுத்தும் கவசமாகவும் ஆகிறது. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வேறு எதில் வேண்டுமானாலும் குறைக்கலாம், இதில் மட்டும் கூடாது.

கியர்பாக்ஸைப் பிரித்துச் சோதித்தல்

1. எண்ணெயை வடித்து, ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பொன்னிறத் தூள் பித்தளையாலான சின்க்ரோ ரிங்கிலிருந்து வருவது, இயல்பானது. காந்தத்தில் ஒட்டும் எஃகுச் செதில்கள் பற்களோ பேரிங்கோ உதிர்வதற்கு அடையாளம்.

2. பக்கவாட்டு மூடியையும் முன் பேரிங் மூடியையும் கழற்ற வேண்டும். உள்நுழையும் அச்சின் நட்டைக் கழற்ற, இரண்டு கியர்களை ஒரே நேரத்தில் போட்டு அச்சைப் பூட்டிக்கொள்ள வேண்டும். இந்த நட் இடப்பக்க மரையுடையது. வழக்கமான திசையில் பலங்கொண்டு திருப்பினால் இறுகுமேயொழியக் கழலாது. மரை அறுந்து அச்சு வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

3. பின் உறையையும் பிரதான அச்சையும் வெளியே எடுத்தபின், கவுண்டர் ஷாஃப்ட் பின்னைவிடச் சற்றே மெலிந்த, கியரின் நீளமே உள்ள ஒரு போலி அச்சை உள்ளே தள்ளிப் பின்னை வெளியேற்ற வேண்டும். போலி அச்சு இல்லாமல் பின்னை உருவினால் நீடில் ரோலர்கள் என்னும் ஊசி உருளைகள் உறைக்குள் கொட்டிவிடும். 1 அங்குலப் பின்னுள்ள பெட்டியில் அவை வரிசைக்கு 28 ஆக நான்கு வரிசைகளில் 112. 7/8 அங்குலத்தில் வரிசைக்கு 20 ஆக 80. எடுக்கும்போதும் வைக்கும்போதும் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அது எங்கோ பற்களுக்கிடையே காத்திருக்கிறது என்று பொருள்.

4. வெற்று உறையை நன்றாகக் கழுவி உலர்த்திய பின், கவுண்டர் ஷாஃப்ட் பின்னை அதன் துளையில் வைத்துப் பார்க்க வேண்டும். பின் கையால் தள்ளினால் சறுக்கிப் போகக் கூடாது. தட்டி ஏற்ற வேண்டிய அளவுக்கு இறுக்கம் வேண்டும். தளர்வாக ஆடினால் துளை நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டது என்பது உறுதி.

மன்சியின் உண்மையான பலவீனம் இந்தத் துளைதான். முதல் கியரில் விசை ஏறும்போது மேல் அச்சும் கீழ் அச்சும் ஒன்றையொன்று தள்ளி விலகப் பார்க்கின்றன. அந்தத் தள்ளலை அலுமினிய உறையிலுள்ள இரண்டு துளைகள் தாங்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தாங்கித் தாங்கித் துளை வாய் அகன்று, பின் சாய்ந்து, பற்கள் முழு அகலத்தில் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் உராய்கின்றன. முன்முகத்தில் எண்ணெயும் கசியத் தொடங்குகிறது. கசிவைப் பசை பூசி அடைத்துவிட்டு ஓட்டுவது நோயை மூடி மறைப்பதாகும். துளையை எந்திரத்தில் கடைந்து ஸ்லீவ் போட்டு மீண்டும் உரிய அளவுக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது தடித்த சுவருள்ள புதிய உறையை வாங்க வேண்டும். தேய்ந்த உறைக்குள் புத்தம்புதிய எம்-22 கியர்களைப் போடுவது, சாய்ந்த தூணின்மீது புதுக்கூரை போடுவதைப் போன்றது.

5. உறையின் நான்கு காதுகளையும், அதாவது பெல் ஹவுசிங்கில் போல்ட் ஏறும் மூலைகளையும், சாயம் ஊடுருவும் சோதனைத் திரவத்தால் வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும்.

6. சின்க்ரோ ரிங்குகளை, அதாவது கியர் மாறும்போது இரண்டு பாகங்களின் வேகத்தைச் சமன்படுத்தும் பித்தளை வளையங்களை, கியரின் கூம்பின்மீது அழுத்தித் திருப்ப வேண்டும். நல்ல வளையம் உடனே பற்றிக்கொள்ளும். வழுக்கினாலோ, அழுத்தியபின் கியரின் பற்களைத் தொடுமளவு நெருங்கினாலோ மாற்றிவிட வேண்டும். கியர் தானே விலகும் குறை முன்பே இருந்திருந்தால், ஷிஃப்ட் ஃபோர்க்குகள் வளைந்துள்ளனவா என்பதையும் பக்கவாட்டு மூடியின் துளைகள் தேய்ந்துள்ளனவா என்பதையும் அவசியம் பார்க்க வேண்டும்.

மீண்டும் பூட்டுதல்

1. பேரிங், சீல், நீடில் ரோலர், சின்க்ரோ ரிங், கவுண்டர் ஷாஃப்ட் பின் ஆகிய ஐந்தையும் நிலை எப்படியிருந்தாலும் புதிதாகப் போட வேண்டும். பார்வைக்கு நன்றாகவே தெரியும் பழைய பின்னின்மீது நகத்தை ஓட்டினால், ரோலர்கள் உருண்ட தடம் பெரும்பாலும் நகத்தில் தட்டுப்படும்.

2. நீடில் ரோலர்களை மெல்லிய பெட்ரோலியம் ஜெல்லியில் நிறுத்தி, போலி அச்சைச் சுற்றி வரிசையாக அடுக்க வேண்டும். கெட்டியான சேசிஸ் கிரீஸ் எளிதில் கரையாமல் எண்ணெயின் வழியை அடைக்கும்.

3. பின்னை உள்ளே தட்டும்போது, அதன் பின்முனையிலுள்ள தட்டையான பகுதி கிடைமட்டமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இல்லையேல் பின் உறை சரியாக அமராது; அமராத உறையைப் போல்ட்டால் இழுத்தால் காது உடையும்.

4. ஃபீலர் கேஜால் கவுண்டர் கியரின் முன்பின் ஆட்டத்தை அளக்க வேண்டும். அது 0.025 அங்குலத்தை மீறக் கூடாது. மீறினால் இரு முனைகளிலுமுள்ள த்ரஸ்ட் வாஷர்களை மாற்ற வேண்டும்.

5. மூடியபின் நான்கு கியர்களிலும் ரிவர்ஸிலும் போட்டுக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். எந்த ஒரு கியரிலும் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் இறுகினால், காரில் ஏற்றாமல் திரும்பப் பிரிப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

எண்ணெய் ஜி.எல்-4 தரத்தில் 80டபிள்யூ-90 ஆக இருக்கட்டும். பின் அச்சுக்குரிய ஜி.எல்-5 எண்ணெய்களில் பலவற்றிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளைச் சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்.

கிளட்சைத் தேர்ந்தெடுத்தல்

கிளட்சின் பிடிமானத்தை நான்கு காரணிகள் தீர்மானிக்கின்றன: பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, உராய்வுப் பொருளின் தன்மை, உராயும் முகங்களின் எண்ணிக்கை, பிளேட்டின் சராசரி ஆரம். அழுத்தத்தை மட்டும் கூட்டினால் பெடல் கல்லாகிவிடும். உராய்வை மட்டும் கூட்டினால் கிளட்ச் சறுக்காமல் ‘படக்’கென்று பற்றி, அந்த அதிர்ச்சியைக் கியர்பாக்ஸுக்கு அனுப்பும். இரட்டைப் பிளேட் கிளட்ச் உராயும் முகங்களை இரண்டிலிருந்து நான்காக்குவதால், சாதாரண ஆர்கானிக் பொருளைக் கொண்டே, காலுக்கு இதமான பெடலுடன் போதிய பிடிமானத்தைத் தருகிறது. பொருத்தும் இடமும் பணமும் அனுமதித்தால், சாலையில் ஓடும் 500 குதிரைத்திறன் காருக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை.

ஒற்றைப் பிளேட்தான் என்றால், 11 அங்குல விட்டமும் 168 பல்லுள்ள 14 அங்குல ஃபிளைவீலும் கொண்ட அமைப்பை எடுக்கலாம். சிறிய 153 பல் ஃபிளைவீலில் 11 அங்குல கிளட்ச் அடங்காது. பெல் ஹவுசிங்கும் ஸ்டார்ட்டரும் ஃபிளைவீலுக்குப் பொருந்துவனவாக இருக்க வேண்டும். செராமிக், சின்டர்டு இரும்பு ஆகிய உராய்வுப் பொருள்கள் பந்தயத் தடத்துக்குரியவை. போக்குவரத்து நெரிசலில் அவை அதிர்ந்து குலுங்கும்.

பிடிமானம் இன்ஜினின் முறுக்குவிசையைவிடக் கால் பங்கு கூடுதலாக இருந்தால் போதும். இரு மடங்கு தாங்கும் கிளட்சை வாங்குபவர் பாதுகாப்பைக் கூட்டுவதாக எண்ணுகிறார். உண்மையில், அதிர்ச்சி விழும்போது சற்றே வழுக்கிக் கியர்பாக்ஸைக் காக்கும் கடைசி வாய்ப்பையும் மூடிவிடுகிறார்.

அடிக்கடி நிகழும் மூன்று தவறுகள்

முதலாவது, சமநிலை பொருந்தாத ஃபிளைவீல். ஷெவ்ரலே 396, 427 இன்ஜின்கள் உள்ளுக்குள்ளேயே சமன் செய்யப்பட்டவை. 454 இன்ஜினின் சமன் எடையில் ஒரு பகுதி ஃபிளைவீலில் இருக்கிறது. ஒன்றின் ஃபிளைவீலை மற்றொன்றில் பொருத்தினால் எழும் அதிர்வு, கிராங்க் பேரிங்குகளையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே அழிக்கும். புதிதாகக் கட்டிய இன்ஜினென்றால், எப்படிச் சமன் செய்யப்பட்டது என்பதைக் கட்டிய பட்டறையிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

இரண்டாவது, நீளம் பொருந்தாத ரிலீஸ் பேரிங். விரல்கள் வெளிநோக்கி வளைந்த ஜி.எம். டயஃப்ரம் பிரஷர் பிளேட்டுக்கு ஏறக்குறைய 1¼ அங்குல நீளமுள்ள குட்டைப் பேரிங் வேண்டும்; தட்டை விரலுள்ள டயஃப்ரத்துக்கும் மூன்று நெம்புகோலுள்ள பழைய வகைக்கும் நீளப் பேரிங் வேண்டும். மாற்றிப் போட்டால் கிளட்ச் விடுபடவே விடுபடாது, அல்லது எப்போதும் பாதி அழுத்திய நிலையிலேயே இருந்து எரிந்துபோகும்.

மூன்றாவது, எண்ணெய் படிந்த கை. புதிய கிளட்ச் பிளேட்டை ஓரத்தில் மட்டுமே பிடிக்க வேண்டும்.

பெல் ஹவுசிங்கை நேர்ப்படுத்துதல்

கியர்பாக்ஸின் முன் மூடி அமரும் பெல் ஹவுசிங் துளையின் மையமும் கிராங்க் ஷாஃப்டின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். விலகியிருந்தால், உள்நுழையும் அச்சு ஒவ்வொரு சுற்றிலும் சற்றே வளைந்து நிமிர்கிறது. அச்சின் முனையைத் தாங்கும் பைலட் புஷ் தேய்கிறது, முன் பேரிங் இரைகிறது, கியர் வழுக்கி வெளியே வருகிறது. புதிய எஃகு பெல் ஹவுசிங் மிகச் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, பலரும் இந்தப் படியைத் தவிர்க்கிறார்கள். ஆனால் துளையின் இடத்தைத் தீர்மானிப்பதில் இன்ஜின் பிளாக்கில் பதிந்த டோவல் பின்களுக்கும் பங்கு உண்டு, பிளாக் பழையது. லேத் பட்டறைகளில் ‘தௌ’ என்று வழங்கும் அளவு, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இங்கே கணக்கில் வருகிறது.

1. பிளாக்கின் பின்முகத்தையும் ஹவுசிங்கின் முகத்தையும் பெயின்ட், துரு, பிசிறு இல்லாமல் துடைத்து, கிளட்ச் இல்லாமல் ஹவுசிங்கை எல்லாப் போல்ட்டுகளையும் இறுக்கிப் பொருத்த வேண்டும்.

2. டயல் கேஜின் காந்த அடியை ஃபிளைவீலின்மீது நிறுத்தி, அதன் முனை துளையின் உள்சுவரைத் தொடுமாறு வைக்க வேண்டும்.

3. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்கை முன்பக்கப் போல்ட்டால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுத் திருப்பி, கடிகாரத்தின் 12, 3, 6, 9 ஆகிய நான்கு நிலைகளிலும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

4. மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் உள்ள வேறுபாடு 5 தௌவுக்குள் இருந்தால் போதுமானது. கூடினால், வேறுபாட்டில் பாதியே உண்மையான விலகல்: 14 தௌ காட்டினால் மையம் 7 தௌ விலகியிருக்கிறது.

5. மையம் விலகிய டோவல் பின்கள் 7, 14, 21 தௌ அளவுகளில் கிடைக்கின்றன. பழைய பின்களை எடுத்துவிட்டு, பாதியளவுக்கு மிக நெருங்கியதைத் தேர்ந்து, இரண்டையும் ஒரே திசை நோக்கும்படி பொருத்த வேண்டும். கேஜின் முனை எந்தப் பக்கத்தில் மிகுதியாக வெளியே நீள்கிறதோ, அந்தப் பக்கமாகத்தான் துளை விலகியிருக்கிறது. எனவே ஹவுசிங் அதற்கு எதிர்ப்பக்கம் நகர வேண்டும்.

6. மீண்டும் அளக்க வேண்டும். பின்னர் கேஜின் முனையைத் துளையைச் சுற்றியுள்ள தட்டையான முகத்தில் வைத்து, கிராங்கை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்தபடி திருப்பி, முகம் சாய்ந்துள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் முறை செய்பவருக்கு இந்த வேலை ஒரு மாலை முழுவதும் பிடிக்கலாம். அந்த மாலை, ஒரு கியர்பாக்ஸின் ஆயுளுக்குக் கொடுக்கும் விலையாகும்.

கிளட்சைப் பொருத்துதல்

1. கிராங்கின் பின்முனையிலுள்ள பைலட் புஷ்ஷை மாற்ற வேண்டும். அதன் குழிக்குள் கிரீஸை நிரப்பி, துளையளவு தடியைச் சுத்தியால் தட்டினால் பழைய புஷ் தானே வெளிவரும். புதியது எண்ணெய் ஊறிய வெண்கலமாக இருக்க வேண்டும். காந்தம் ஒட்டினால் அதில் இரும்புக் கலப்பு உண்டு, அது அச்சின் முனையைத் தேய்க்கும்.

2. ஃபிளைவீலின் முகத்தைத் துடைத்து, புதிய போல்ட்டுகளை 65 பவுண்டு-அடிக்கு நட்சத்திர வரிசையில், ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

3. ‘ஃபிளைவீல் பக்கம்’ என்று குறித்த முகம் ஃபிளைவீலை நோக்க, கிளட்ச் பிளேட்டை மையக்குச்சியால் நிறுத்த வேண்டும். பிரஷர் பிளேட்டுக்குத் தோள் உள்ள கிளட்ச் போல்ட்டுகளை மட்டுமே போட வேண்டும். அவற்றை ஒரு சமயம் ஒரு சுற்று என்ற கணக்கில் மாற்றி மாற்றித் திருப்பி, 35 பவுண்டு-அடிக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பக்கத்தை முழுதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் அதன் மூடி வளைந்துவிடும்.

4. தலை அறுத்த இரண்டு நீள போல்ட்டுகளைப் பெல் ஹவுசிங்கில் வழிகாட்டிகளாக மாட்டி, அவற்றின்மீது கியர்பாக்ஸைச் சறுக்கி உள்ளே தள்ள வேண்டும். கடைசி அரை அங்குலம் போகாதபோது போல்ட்டை இறுக்கி இழுப்பவர்கள் பலர். காது உடைவதும் பிளேட்டின் மையம் வளைவதும் அப்போதுதான். கியர்பாக்ஸின் எடை பிளேட்டில் ஒரு கணமும் தொங்கக் கூடாது. போகவில்லையென்றால், வெளியே இழுத்து, பிளேட்டின் மையத்தைச் சரிபார்த்து, மீண்டும் தொடங்க வேண்டும்.

5. பெடலை முழுதும் மிதித்த நிலையில், பிளேட்டுக்கும் ஃபிளைவீலுக்கும் இடையே ஏறக்குறைய 50 தௌ இடைவெளி தெரிய வேண்டும். டயஃப்ரம் கிளட்சைத் தேவைக்கு மேல் மிதித்தால், உயர் சுற்றுகளில் விரல்கள் மறுபக்கம் சாய்ந்து பெடல் தரையிலேயே நின்றுவிடும். இடைவெளி கிடைத்த இடத்தில் பெடலுக்கு ஒரு தடை வைத்துவிடுவது இதற்குத் தீர்வு. பெடலின் மேற்புறத்தில் சுமார் 1 அங்குலம் வெற்றாட்டம் இருக்க வேண்டும்.

மவுண்ட்டும் இணைப்புத் தண்டும்

ஷெவெலில் பெடலின் அசைவைக் கிளட்சுக்குக் கொண்டுசெல்வது, சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் இடையே குறுக்காக நிற்கும் ‘இசட் பார்’ என்னும் தண்டு. கடினமான பிரஷர் பிளேட்டின்முன் பழைய தண்டு முறுகுவதால், வலுவூட்டியதை வாங்க வேண்டும். இன்ஜின் மவுண்ட்டின் ரப்பர் பிய்ந்திருந்தால், விசை ஏறும்போது இன்ஜின் எழும்பி இந்தத் தண்டையும் ஆக்ஸிலரேட்டரையும் இழுக்கும். 1971 இல் ஜெனரல் மோட்டார்ஸ் 1965–69 கால ஷெவ்ரலே வாகனங்களில் ஏறக்குறைய 67 லட்சத்தை இன்ஜின் மவுண்ட் குறைக்காகத் திரும்ப அழைத்தது என்பதிலிருந்து இதன் தீவிரம் விளங்கும். ரப்பர் பிரிந்தாலும் உலோகம் பூட்டிக்கொள்ளும் வகை மவுண்ட்டையே போட வேண்டும்.

பழக்கப்படுத்தும் ஓட்டம்

முதல் 800 கிலோமீட்டர், நின்று நின்று செல்லும் நகர ஓட்டமாக இருக்க வேண்டும். கிளட்சை நெடுநேரம் சறுக்கவிடுவதும், முழு விசையில் புறப்படுவதும் இக்காலத்தில் கூடாது. நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓடிய தூரம் இதில் சேராது, ஏனெனில் அப்போது கிளட்ச் பற்றி விடும் வேலையே நடப்பதில்லை. 800 கிலோமீட்டர் முடிந்ததும் பெடலின் வெற்றாட்டத்தை மீண்டும் அளக்க வேண்டும். பிளேட் தேயத் தேய அது கூடாமல் குறையும் என்பதால், 1 அங்குலத்துக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கும். அன்றே கியர்பாக்ஸ் எண்ணெயையும் வெள்ளைத் தட்டில் வடித்து, காந்தத்தை அதில் ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் மையைப் போன்ற மெல்லிய சாம்பல் பூச்சு படிந்தால் புதுப்பற்கள் படிந்துகொண்டதன் அடையாளம். விரலிடுக்கில் குத்தும் செதில் ஒன்று வந்தாலும், புதிய எண்ணெயை ஊற்றாமல் பக்கவாட்டு மூடியைத் திறக்க வேண்டும்.